நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்தோம். கணவருக்கு மில்லில் வேலை. மூத்த மகனுக்கு நான்கு வயது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பேச்சும் வரவில்லை. "அவங்கப்பா கூட லேட்டாதான் பேசுனாரு" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்குத்தான் மனசு கேட்காது.

அந்தச் சமயம் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் தாய் சேய் நல மாநாடு ஏற்பாடாகியிருந்தது. நிகழ்ச்சி நிரலை வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதில் 'செவிப்புலக் குறைபாடும் மொழித்திறனும்: மருத்துவப் பேரறிஞரின் ஆய்வுரை' என்று ஒரு வரி. செவி என்றால் காது என்பது மட்டும் புரிந்தது. கணவரிடம் காட்டினேன்.

"இது டாக்டருங்க அவங்களுக்குள்ள பேசிக்கிறது. நாம போனா வெளிய நில்லுன்னுடுவாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதே நேரத்தில் பக்கத்து அறையில் கேழ்வரகில் குழந்தை உணவு செய்து காட்டுவதாகவும், தாய்மார்கள் வரலாம் என்றும் போட்டிருந்தது. மகனைத் தூக்கிக்கொண்டு அதற்குப் போனேன்.

முடிந்து வெளியே வந்தால், மீனவ கிராமத்துப் பெண் ஒருத்தி சின்னப் பெண்ணை அணைத்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

"சந்தோசத்துலதான்க்கா. எம்பொண்ணு காத டாக்டர் பாத்தாரு. மணியடிச்சி, பேரு சொல்லிக் கூப்புட்டு எல்லாம் பாத்தாரு. மெட்ராஸ்ல இதுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்குதாம், சேத்துக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காரு. எங்க ஊரு நர்சம்மா சொல்லித்தான் வந்தேன்."

அந்த ஆய்வுரை நடந்த அறைக்குள் ஓடினேன். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டாராம். வாசல் வரை ஓடியும் காரைப் பிடிக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என்ன ஏதென்று தெரியாமல் என் மகன் என் கன்னத்தைத் துடைத்துவிட்டான்.

மாநாட்டை நடத்திய டீச்சரம்மா ஓடிவந்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அந்த வரிய நாந்தாம்மா எழுதுனேன். பெரிய டாக்டர் வராரு, கௌரவமா இருக்கணும்னு பாத்தேன். புள்ளைங்கள கூட்டியாரலாம்னு போடத் தோணலியே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரின் விலாசத்தைக் கொடுத்தார். ஆனால் என்னுடைய இரண்டாவது பிரசவம், மாமனாரின் நோய், மில்லில் வேலை நிறுத்தம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, மெட்ராஸ் போவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. "இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பேச்சு நல்லா வந்திருக்கும்மா" என்றார் டாக்டர். பள்ளியில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். பேச்சு மட்டும் சில வார்த்தைகளோடு நின்றுவிட்டது.

அதற்கடுத்த வருஷம்தான் மறுபடி மாநாடு நடந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் டீச்சரம்மா நிகழ்ச்சி நிரலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒனக்குப் புரியுதான்னு படிச்சிச் சொல்லு" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினோம்: 'காது கேட்காத, பேச்சு வராத குழந்தைகளை அழைத்து வாருங்கள். டாக்டர் பரிசோதிப்பார். கட்டணம் கிடையாது.'

அன்று படிக்கட்டு வரை தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் இரண்டு வயது, மூன்று வயது என்று சொல்லச் சொல்ல, என் பிள்ளைக்கு முழுசாக வராமல் போன பேச்சுதான் நினைவுக்கு வந்தது, இன்றைக்கும் வருகிறது.