பெரிய பேச்சு

என் தங்கைக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. பேச்சு மட்டும் பெரிய மனுஷிப் பேச்சு. தாராவியில் எங்கள் சந்தில் அவள் வயதுப் பிள்ளைகள் “பானி, பானி” என்று தண்ணீருக்கு அழுதுகொண்டிருந்தபோது, இவள் “தண்ணி சுடுதும்மா, கொஞ்சம் ஆத்திக் குடு” என்பாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. படம் போட்ட அட்டை ஒன்றை வாங்கிவந்து சுவரில் ஒட்டினார். பட்டறையில் பை தைத்துவிட்டு வந்ததும் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டகம், விமானம் என்று காட்டுவார். சோறு வேகும்வரை பாடம் நடக்கும். அவள் பேச்சுக்கு அந்த அட்டைதான் காரணம் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

பகலெல்லாம் அவள் அம்மாவோடுதான் இருந்தாள். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அம்மாவின் நாக்கில் இந்தி ஏறவில்லை. தாராவியில் தமிழர்கள் நிறைய இருந்தாலும் எங்கள் சந்தில் தமிழ் பேசுபவர்கள் இல்லை. நான் பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். அப்பா அட்டையைக் காட்டிக் கேட்கக் கேட்க, பாப்பா பிசகாமல் சொன்னாள்.

“ஏல தம்பி, இம்புட்டுப் பேச்சு யாருல சொல்லிக் குடுத்தா?” என்றாள் அத்தை.

“நான்தான்க்கா. சின்னதுலயே பழக்கணும்லா” என்ற அப்பா, பாப்பாவிடம் திரும்பி, “அத்தைக்குப் பெருசா ஒண்ணு பேசிக் காட்டு” என்றார்.

பாப்பா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பெருமூச்சு ஒன்று விட்டாள்.

“அவுகளுக்கு வேல. பெரியவளுக்கு வெளையாட்டு. இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளில்ல. நீயும் கேக்கலன்னா எனக்குக் கோட்டி பிடிச்சிரும்ட்டி.”

குரல்கூட அம்மாவின் குரல். மாமா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கை தட்டவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, பாப்பா அதையே இன்னும் சத்தமாக மறுபடி சொன்னாள். அடுப்பின் முன் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பவே இல்லை. அவள் காதும் கழுத்தும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்குப் பாப்பாவின் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். “பிள்ள பேச்சுதானே” என்றாள் அத்தை, யாரிடமும் இல்லாமல்.

மறுநாளிலிருந்து அம்மா வாய் திறக்காமல் வேலை செய்தாள். பாப்பா அவள் சேலையைப் பிடித்து இழுத்து, “பேசும்மா” என்று கேட்டபடியே பின்னால் அலைந்தாள்.

எனக்கு அத்தை முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. அம்மா எதற்காக வெட்கப்படுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பாப்பா விருந்தாளிகள் முன்னால் பொய் சொல்லிவிட்டாள். நாங்கள் இத்தனை பேர் வீட்டில் இருக்கும்போது, பேச ஆளில்லை என்று அம்மா ஏன் சொல்லப்போகிறாள்?