கொடிக்குப் பதில் ஹாக்கி மட்டை

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் கோச். கால்பந்து, ஹாக்கி, கபடி, குண்டு எறிதல் எல்லாவற்றுக்கும் நான் ஒருவனே. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது விசில் ஊதுவது மட்டும். பையன்களும் அதே பதினோரு பேர்தான். காலையில் ஹாக்கி, மாலையில் கால்பந்து.

அப்படி ஒரு சனிக்கிழமை பாகலூர் போனோம். எதிர் அணி மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. காலை ஹாக்கியில் வாய்ச்சண்டையோடு ஜெயித்துவிட்டோம். மாலை கால்பந்துக்கு மைதானத்தில் கோடும் இல்லை, கொடியும் இல்லை. நான் புத்திசாலித்தனமாக இரண்டு அணிகளின் ஹாக்கி மட்டைகளையும் வாங்கி எல்லை நெடுக ஊன்றி வைத்தேன். கோபத்தில் இருந்த இருபத்திரண்டு பேரைச் சுற்றி இருபத்திரண்டு மட்டைகள்.

எங்கள் கோல்கீப்பர் தேன்கனிக்கோட்டைக்காரன். திங்கட்கிழமை அவனுக்குப் போலீஸ் ஆள் எடுப்பு. உயரம், மார்பு எல்லாம் சரி. கயிறு ஏறிவிட்டால் வேலை நிச்சயம் என்று ஊரே பேசியது.

"வேணாம்டா, இன்னிக்கி ஒக்காந்துக்கோ" என்றேன்.

"நான் இல்லாங்காட்டி ஆறு கோலு வாங்குவீங்க சார்" என்று இறங்கிவிட்டான்.

கடைசி ஐந்து நிமிடத்தில் அவன் பந்தைப் பிடித்து விழுந்தபோது எதிரணிக்காரன் ஒருவன் விலாவில் உதைத்தான். எங்கள் பையன் ஒருவன் உதைத்தவனின் மூக்கை உடைத்தான். "ஹொடீரோ!" என்று அந்தப் பக்கம் ஒரு குரல், அடிங்கடா என்று கன்னடத்தில். அடுத்த நொடி என் கொடிகள் ஒன்றுகூட மண்ணில் இல்லை.

மண்டையில் மட்டை விழுந்தால் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் வருகிறது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் பல்லைத் தேடினான். விசிலை ஊதி ஊதிப் பார்த்தேன். பிறகு கீழே கிடந்த மட்டையோடு நானும் புகுந்தேன். பிரித்துவிடத்தான். புழுதிக்குள் ஒரு முதுகு எங்கள் கோல்கீப்பர் மேல் கவிந்திருந்தது. ஓங்கி ஒன்று வைத்தேன். முதுகு விலகிவிட்டது. முறிந்தது கோல்கீப்பரின் வலது கை.

ஓசூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் காலை அவன் அப்பா நாலு பேரோடு வந்தார். கையில் கொடுவாள்.

"எவன்டா அடிச்சான்? ஆளக் காட்டு. அவன் கைய எடுத்துட்டு வரேன்."

"தூசில தெரியலப்பா" என்றான் அவன், என்னைப் பார்க்காமல்.

"சார், நீங்க சொல்லுங்க. அந்தப் பக்கத்து ஆளுதான?"

'ஆமாம்' நாக்கு நுனி வரை வந்தது. வெளியே அவர்கள் வந்த வண்டி எல்லை தாண்டத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"நான்தாங்க. வேற ஒருத்தன அடிக்கப் போயி..."

கொடுவாளைக் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் அறைந்தார். அந்த மரியாதைக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்றாவது அறையில் காது அடைத்தது.

"நீயெல்லாம் ஒரு வாத்தியாராய்யா?"

திங்கட்கிழமை அவன் கட்டோடு போய் வரிசையில் நின்றான். வீங்கிய கன்னத்தோடு நானும் போனேன். அதிகாரி கட்டைப் பார்த்து, "வூட்டுக்குப் போப்பா" என்றார்.

"ஒரு தபா ஏறிப் பாக்கறேன் ஐயா."

இடது கையாலும் தொடைகளாலும் பாதிக் கயிறு வரை போனான். அங்கேயே கொஞ்ச நேரம் தொங்கினான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு உள்ளங்கைத் தோல் உரிய வழுக்கி இறங்கி, "போலாம் சார்" என்றான்.