தோல் நிறுத்தாத சைக்கிள்

சென்ற வாரம் ஒரு நாள் காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவிப்பு வந்தது. பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னபோது எங்களுக்கு ஆள் பிடிபடவில்லை. “சைக்கிள் ரஃபீக் பாய்” என்று சேர்த்துச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்தார்.

ஆம்பூரில் சைக்ளோகிராஸ் ஓட்டும் நம் குழுவுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சேற்றிலும் மணலிலும் ஓட்டுவது, ஓட்ட முடியாத மேட்டில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவருக்கு இது எதற்கு என்று அவர் மனைவி ஷமீம் ஆன்ட்டி கேட்காத நாளில்லை.

அவருடைய பழைய சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்தான். நான் பத்திரிகையில் படித்துவிட்டு அவரிடம் ஓடினேன். “அங்கிள், டிஸ்க் பிரேக் சக்கரத்து நடுவுல இருக்கு. அவ்ளோ சேறு ஏறாது. ரிம் வளைஞ்சாலும் புடிக்கும்.”

“வெயிட் ஜாஸ்தி பேட்டி.” மகளே என்பதை அவர் உருதுவில் அப்படித்தான் சொல்வார். “நம்ம ஊர்ல தோலுக்கு இன்னா கொறச்சல்? தோல் நிறுத்தாத வண்டியே கெடையாது!”

ஷூவின் அடித்தோலை வெட்டி, அவரே பிரேக் கட்டை செய்தார். காய்ந்த சாலையில் அது அருமையாகப் பிடித்தது. அதுதான் வினை. ஒடுகத்தூர்ப் பந்தயத்தன்று மழை. சரிவில் தோல், ஊறிய அப்பளமாகிவிட்டது. “நிக்குது, நிக்குது!” என்று கத்திக்கொண்டே நேராகப் போய் வேர்க்கடலைச் செடிக் குவியலுக்குள் மறைந்தார். நிலத்துக்காரர் ஓடி வந்தார். “சார், அது இன்னும் காயலீங்க!”

வீட்டில் ஆன்ட்டி தீர்ப்புச் சொன்னார். “இன்னொரு தடவ பிரேக் புடிக்கலன்னு வந்தீங்க, சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போய்டும்.” ஆன்ட்டி சொன்னால் சொன்னதுதான். அங்கிள் பெங்களூருக்குப் போய், டிஸ்க் பிரேக் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார்.

அடுத்த பந்தயத்துக்கு ஆன்ட்டியே வந்து, சரிவின் அடியில் கைகட்டி நின்றார். அன்றும் மழைதான். வாழ்க்கையில் முதல்முறையாக அங்கிள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். அப்போது ஓர் எருமைக் கன்று பாதையில் வந்து நின்றது. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, கன்றும் அங்கிளும் மூக்கோடு மூக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் கீழே இறங்கினார். “பாத்தியா ஷமீம்! ஒத்த வெரல்தான் வெச்சேன்!”

“பாத்தேங்க. மொதல்ல போங்க, எல்லாரும் போறாங்க!”

“இரு, இன்னொரு தடவ காட்டறேன்.”

காட்டினார். அன்று கடைசியாக வந்தவர் அவர்தான். ஆனால் சைக்கிள் வீட்டிலேயே தங்கியது.

துக்கம் கேட்கப் போனபோது ஆன்ட்டி அந்தப் பழைய தோல் கட்டையை என் கையில் வைத்தார். “இது எதையும் நிறுத்தாது. நீயே வெச்சுக்க.”

காற்றடித்தால் என் அறைக் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். நேற்றைய மழையில் அந்தக் கட்டையைக் கதவின் அடியில் செருகினேன். கதவு அசையவில்லை. ஓடிப்போய் ஆன்ட்டியிடம் சொன்னேன்.

“நின்னுச்சா?” என்று கேட்டார். பிறகு அங்கிளுடைய படத்தின் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா, நின்னுச்சாம்” என்றார்.