புளி போட்டுத் தேய்த்த ரோமானியக் காசு

2004 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு மான்மவுத் ஜங்ஷனிலிருந்து காரில் கிளம்பினோம். டாக்டர் அங்கிள் வீடு இருக்கும் பிரிட்ஜ்வாட்டர் இருபது மைல்தான். பெட்ரோல் கேலன் ஒரு டாலர் தொண்ணூறு சென்ட். நியூ ஜெர்சியில் பங்க் ஆளே வந்து போட்டுவிடுவார். பக்கத்தில் என் மனைவி ஜெரினா.

அவள் மடியில் ஒரு டப்பா. அதற்குள் டாக்டர் அங்கிளின் ரோமானிய வெண்கலக் காசு. அங்கிள் மதுரைக்காரர், பழங்காசுப் பித்தர். படம் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார். அதற்குள் ஜெரினா புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டாள். இரவல் பொருளை அழுக்காகவா திருப்பிக் கொடுப்பது என்பது அவள் நியாயம். பேட்டினா என்கிற அந்தப் பச்சைக் களிம்புதான் காசுக்கே மதிப்பு என்பதை அவளிடம் நான் சொல்லி வைக்கவில்லை. அது என் தப்பு.

206ஆம் சாலையில் கேட்டாள். "அங்கிள் நம்மள உள்ள விடுவாரா?"

"விடுவாரு. காப்பிதான் சந்தேகம்."

டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். நாங்கள் இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் கடைக்குக் கூட்டிப்போய் எங்களுக்குக் கோட்டு வாங்கித் தந்த மனிதர். அவர் முகம் சுளித்தால் எங்களால் தாங்க முடியாது.

பத்தே முக்காலுக்கு அங்கிள் தன் வீட்டில் டப்பாவைத் திறந்தார். "ஐயோ! பேட்டினா மொத்தமும் போச்சேம்மா!" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். ஜெரினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பழக்க தோஷம், அங்கிளின் கை தானாக லென்ஸை எடுத்தது. வெகுநேரம் பார்த்தார். களிம்பு மறைத்திருந்த பெண் உருவம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. "இந்தப் பொம்பள யாருன்னே தெரியாம பத்து வருஷமா வச்சிருக்கேன். என்ன பண்றா இவ?"

"சாம்பிராணி போடுது, அங்கிள்." ஜெரினா மூக்கை உறிஞ்சினாள். "தேய்க்கறப்பவே பாத்தேன். தலையில முக்காடு, முன்னாடி நெருப்பு, ஒரு கையில டப்பா. எங்க உம்மா வெள்ளிக்கிழமை இப்படித்தான் நிப்பாங்க."

அங்கிள் தடிப் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தாள்! பெயர் பியெட்டாஸ். பக்தியையே பெண்ணாக்கி, அவளையும் தெய்வமாக்கிக் காசில் நிறுத்தியிருக்கிறார்கள் ரோமானியர்கள்.

காப்பி கிடைத்தது. சாப்பாடும் கிடைத்தது. இரண்டு மணிக்குக் கிளம்பும்போது, காசை வைத்த உறையில் அங்கிள் ஏதோ எழுதி, படிக்கச் சொல்லி ஜெரினாவிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"பியெட்டாஸ். அடையாளம் கண்டவர்: ஜெரினா, மான்மவுத் ஜங்ஷன். காசைக் கெடுத்தவர்: அவரே."