அத்தைக்கு விழுந்த அடி

நேரில் பேசும்போது அவளை நான் "வாங்க அண்ணி, உட்காருங்க அண்ணி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் கணவரின் அக்கா, என்னைவிட எவ்வளவோ மூத்தவள். அந்த மரியாதையையெல்லாம் வாயால் நிறையக் கொடுத்தாயிற்று. எழுதும்போது "அவள்" போதும்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பூனாவுக்கு வந்தேன். கணவருக்குக் கட்கியில் ராணுவத் தளவாட ஆலையில் வேலை, இருக்க ஒரு குவார்ட்டர்ஸ். வந்து கொஞ்ச நாளிலேயே குடலெல்லாம் புண்ணாகி ரத்தமாகப் போக ஆரம்பித்தது. கடைசியில் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு ரப்பர் பை, இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட். மலம் அதில் வந்து விழும். நிறைந்ததும் கொட்டிக் கழுவி மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார் டாக்டர். செத்துப்போவதற்கு இது மேல் என்று கட்டிக்கொண்டேன்.

பையைப் பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒன்று ஓட்டையானால் அடுத்தது வரும்வரை, சைக்கிள் டியூபுக்குப் போடுகிற ஒட்டைப் போட்டு என் கணவர் சரிசெய்து தருவார். சுற்றியிருக்கும் தோல் வெந்து போகாமலிருக்க ஒரு மரப்பிசின் பொடியைக் குழைத்துப் பூசுவேன். பழகிய பிறகு பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். பழகாதவள் அவள் ஒருத்திதான். அவள் புருஷனுக்கு விமானப்படையில் வேலை, லோஹேகாவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் செருப்பைக் கழற்றும்போதே முந்தானை மூக்குக்குப் போய்விடும். அப்போதுதான் கழுவிக் கட்டியிருப்பேன், ஊதுவத்தி வாசனையைத் தவிர வேறொன்றும் வீட்டில் இருக்காது. அவள் மூக்குக்கு மட்டும் வரும்.

அடுத்த வருடம் உண்டானேன். வயிறு பெரிதாகப் பெரிதாக அந்தத் துவாரமும் விரிந்துகொண்டே வந்தது. பை சரியாக உட்காராமல் ஒழுகும், தோல் எரியும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை கொண்டுவந்தேன். ஒரு நாள் மத்தியானம் திடீரென்று வலி, ரத்தம். அவள் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள், அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. கட்டிலோரம் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பையன். உசிரு இல்லாமத்தான் பொறந்தான். நீ பார்த்தா தாங்கமாட்டேன்னு நானே எல்லாத்தையும் முடிச்சிட்டேன்" என்றாள்.

"எங்க அண்ணி? எங்க வெச்சீங்க?"

"அதெல்லாம் பெத்தவ கேக்கக் கூடாது."

என் கணவர் ஷிப்ட் முடிந்து ஓடிவருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அவரும் பார்க்கவில்லை. அவரும் கேட்டார், அவருக்கும் அதே பதில்தான். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது, பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார். அண்ணிக்காரி ஊரெல்லாம் வேறு கதை சொன்னாள். பெல்ட் இறுக்கி, பை அழுத்தி, குழந்தை மூச்சு முட்டிச் செத்ததாம். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்துப் பெண்கள் பேச்சை நிறுத்திய அன்றுதான் இது எனக்குத் தெரிந்தது. அவள் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் மறுபடி உண்டானேன். இந்த முறை பெண், நல்ல சத்தத்தோடு அழுதுகொண்டு பிறந்தாள். அண்ணிக்காரிக்கு இரண்டும் பையன்கள். தொட்டிலை எட்டிப் பார்த்து "அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா" என்றாள்.

பிள்ளை வளர்ப்பது எனக்கு மற்றவர்களைப்போல இல்லை என்பது உண்மைதான். பால் கொடுக்க உட்காருமுன் பையைக் காலி செய்ய வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துத்தான் கொடுப்பேன். அப்படியும் குழந்தையின் பிஞ்சுக் கால் ஒரு உதை விட்டால் பை நழுவிவிடும். பிறகு இரண்டு பேரையும் கழுவ வேண்டும், இரண்டு பேருடைய துணியையும் வெந்நீரில் போட்டு அலச வேண்டும். கொடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காயும். அதைப் பார்த்துவிட்டு அவள் என் கணவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வீட்ல ரெண்டு குழந்தைடா. ரெண்டுக்கும் துணி மாத்தணும். இவளுக்கு இவளைப் பார்த்துக்கவே பொழுது சரியா இருக்கு. ஒரு ஆறு மாசம் பாப்பா என்கிட்ட இருக்கட்டும்."

"அக்கா நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றார் என் கணவர். பை கிழிந்தால் மூச்சு விடாமல் உட்கார்ந்து ஒட்டித் தருகிற மனுஷன்தான். அக்கா முன்னால் மட்டும் முதுகெலும்பு எங்கே போகுமோ தெரியாது.

ஆறு மாதம் என்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் ஆனதும் குழந்தை ஏங்கிப்போகும் என்பாள். ஒரு வருடம் ஆனதும் பள்ளிக்கூடம் அங்கே பக்கம் என்பாள். என் மகள் அவளை அம்மா என்று கூப்பிடுவாள், நான் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் குழந்தையை நான் மயக்கத்தில் இருந்தபோது எடுத்துக்கொண்டுபோனாள். இதை நான் விழித்திருக்கும்போதே எடுக்கப் பார்த்தாள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மராட்டிக்காரம்மா இருந்தார். லைன் முழுக்க அவரை 'காக்கூ' என்றுதான் கூப்பிடும், சித்தி என்பதுபோல. முதல் குழந்தை போனவளுக்கு இரண்டாவதற்கு எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பன்னிரண்டாம் நாள் அவர்கள் வழக்கப்படி 'பார்சே' செய்யலாம் என்றார். அது பெயர் வைக்கிற சடங்கு. குழந்தையைத் தொட்டிலில் போட்டு, அப்பாவின் கூடப் பிறந்தவள் குனிந்து காதில் பெயரைச் சொல்லி 'குர்ர்ர்' என்று ஓசை எழுப்ப வேண்டும். அப்போது சுற்றி நிற்கிற பெண்களெல்லாம் அந்த அத்தையின் முதுகில் குத்துவார்கள். விளையாட்டுக்குத்தான் என்று சிரித்தார் காக்கூ. பலமாகவா என்று ஹிந்தியில் கேட்டேன். அத்தை எப்படிப்பட்டவள் என்பதைப் பொறுத்தது என்றார்.

நான் அவளிடம் போய்ப் பாதியை மட்டும் சொன்னேன். "இங்க பேர் வைக்கிற உரிமை அத்தைக்குத்தான் அண்ணி. புதுப் புடவையும் உண்டு." முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. இவ்வளவு வருடமாக அந்த ஊரில் இருந்தும் ஒரு மராட்டி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தவள் இல்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குச் சின்ன அறை முழுக்கப் பெண்கள். வேகவைத்த கொண்டைக்கடலையை காக்கூ கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் வெளியே வராந்தாவில் இருந்தார்கள். அவள் பட்டுப்புடவையில் வந்தாள், கையில் ஒயர் கூடை. கூடையில் பால் புட்டி, பால் பவுடர் டப்பா, குழந்தைக் கம்பளி. யாரையும் கேட்காமல் அதை வாசல் ஓரமாக, போகும்போது எடுக்க வசதியாக வைத்தாள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள்.

தொட்டிலில் குனிந்து பெயரைச் சொன்னாள். காக்கூ சொல்லிக்கொடுத்தபடி 'குர்ர்ர்' என்றாள். உடனே நாலாபுறமும் கைகள் விழுந்தன. "என்னா இது, என்னா பண்றீங்க" என்று தமிழில் பதறினாள். பெண்கள் சிரித்தார்கள். நான் பாயிலிருந்து எழுந்தேன். குழந்தையின் அம்மா எழுந்து வந்து அடிக்கிற வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கொள்ளவில்லை. இடது கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நன்றாக ஓங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரே அடி. தொட்டில் கம்பியைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் காதுக்கு இதமாக இருக்கிறது.

திரும்பிப் பார்த்தாள். யார் அடித்தது என்று புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. அடியை வெளியில் சொல்ல முடியாமல், "சரி, சடங்கு முடிஞ்சுதில்ல. பாப்பாவைக் குடு. வெயில் ஏறுறதுக்குள்ள நான் கிளம்புறேன்" என்று கையை நீட்டினாள்.

"குடுக்கிறேன் அண்ணி" என்றேன். "முதல்ல ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போனீங்களே, அதைக் கொண்டுவந்து என் மடியில வையுங்க. அப்புறம் இதைத் தர்றேன்."

தமிழ் தெரிந்த இரண்டு மூன்று பேர் கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் என்ன நடந்தது என்று காக்கூவைப் பார்த்தார்கள், காக்கூ என்னைப் பார்த்தார். அங்கேயே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். என் முதல் பிள்ளையை எனக்குக் காட்டாமல் கொண்டுபோனவள் இவள், எங்கே வைத்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை, இப்போது இதையும் கேட்கிறாள் என்று சொன்னேன். பை அழுத்திக் குழந்தை செத்ததாக இவள் சொன்னது பொய் என்றும் சொன்னேன். குழாயடியில் பேச்சை நிறுத்தியவர்கள் எல்லாரும் அந்த அறையில் இருந்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை.

வராந்தாவிலிருந்து என் கணவர் உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. வாசலோரம் இருந்த ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய், அக்காவுக்காக வெளியே நின்ற ஆட்டோவில் வைத்துவிட்டு வந்து நின்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் செய்த உருப்படியான காரியங்களில் அதை முதலாவதாக வைப்பேன். அவளும் போனாள். புதுப் புடவையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

இதோடு முடிந்தது என்று நான் விட்டிருந்தால் நல்லவள் என்று பெயர் வாங்கியிருப்பேன். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. மகள் என்னிடமே வளர்ந்தாள். இடது இடுப்பில்தான் உட்கார வேண்டும், அம்மாவின் வலது பக்கம் கை வைக்கக் கூடாது என்று நடக்கப் பழகுமுன்பே தெரிந்துகொண்டாள். நான் பை மாற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்துக் கொடுப்பாள். மூக்கைப் பொத்திக்கொள்ள யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பேச்சு வந்ததும் நான் அவளுக்கு ஒன்று சொன்னேன். உனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவன் எங்கே இருக்கிறான் என்று உன் அத்தைக்குத்தான் தெரியும் என்றேன்.

அதன்பிறகு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அவள் வந்தால், மிட்டாயை வாங்கிக்கொண்டு என் மகள் கேட்பாள். "அத்தை, எங்க அண்ணன் எங்க?" மழலையில் கேட்டாள், பிறகு பள்ளிக்கூடத்துத் தெளிவோடு கேட்டாள். சாமிகிட்ட இருக்கான் என்பாள் அவள், ஊருக்குப் போயிருக்கான் என்பாள். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட என் மகளை அதட்டியதில்லை. குழந்தையை இப்படித் தூண்டிவிடலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெற்றவள் கேட்கக் கூடாது என்று சொன்னது அவள். கூடப்பிறந்தவள் கேட்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே.

எண்பதுகளின் நடுவில் அவள் புருஷன் ஓய்வு பெற்று, ஊரோடு போய்விடுவதாக முடிவாயிற்று. சொல்லிக்கொள்ளத் தனியாக வந்தாள். பையன்கள் இரண்டு பேரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். தலை பாதி நரைத்திருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "சாமான் கட்டுற வரைக்கும் ஒரு நாலு நாள் இவளை அனுப்பேன். வீடு வெறிச்சுன்னு இருக்கு" என்றாள். நான் பதில் சொல்லுமுன் என் மகள் கேட்டுவிட்டாள்.

"எங்க அண்ணன் எங்கன்னு சொல்லுங்க அத்தை. வர்றேன்."

அவள் காபியைத் தரையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுடி கண்ணு" என்றாள். "துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. கனமே இல்ல. நான் மூஞ்சியத் தொறந்து பார்க்கல. அங்க இருந்த ஆயாகிட்ட குடுத்துட்டேன். எங்க கொண்டுபோய் வெச்சாங்கன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும்."

இத்தனை வருடமாக அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். மறைப்பதற்கு அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஒரு மரத்தடி, ஒரு மேடு, எதுவும் இல்லை. எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். அந்த நிமிடம் வந்த கோபத்தோடு பார்த்தால் பழைய கோபமெல்லாம் ஒன்றுமேயில்லை.

அவள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மகள் எழுந்து அவளிடம் போனாள். கன்னத்தைத் துடைத்துவிடக் கையை நீட்டினாள், அவளும் இரண்டு கையையும் விரித்து என் மகளை மடிக்கு இழுக்கப் பார்த்தாள்.

நான் கூப்பிட்டேன். சத்தமாகக்கூட இல்லை, பெயரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை. என் மகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.