நூர் பாயும் வானத்துப் பெட்டியும்

மாடு செத்தால்தான் எங்கள் ஊருக்கு நூர் முகமது ஞாபகம் வரும். ஆள் அனுப்பினால் திண்டுக்கல்லிலிருந்து சைக்கிளை மிதித்து வந்துவிடுவார். உரித்த தோலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பார். உப்புத் தடவி மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தோல் பதனிடும் ஷாப்பில் விற்பார். முப்பது வருஷம் அதுதான் அவர் பிழைப்பு.

வாய் மட்டும் சும்மா இருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் நத்தம் பக்கம் ஒரு புளியந்தோப்பில், வெடித்த பலூனோடு கிடந்த பெட்டியைக் கண்டெடுத்து வானிலை ஆபீசுக்குத் தகவல் கொடுத்தார். வாங்கிப்போக வந்த ஆபீசர் என்ன சொன்னாரோ, அதையே ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்.

"பூமிக்கும் தோலு இருக்கு அப்பு. காத்துதான் தோலு, அடுக்கடுக்கா. அடி அடுக்குல மழையும் புயலும். அதுக்கு மேல உள்ளது வெயிலோட விஷத்த வடிகட்டுது. பலூன்ல கட்டி விடுற அந்தப் பெட்டி அதுவரைக்கும் போய்ப் பாத்துட்டு வருது. இன்னும் மேல ஒரு அடுக்கு, வானத்துலருந்து வர்ற கல்ல அங்கனயே எரிச்சுப்புடும். இந்தத் தோலு இல்லேன்னா நாமெல்லாம் கருவாடுதான்."

"மாட்டுத் தோலு பத்தாதுன்னு பூமித் தோலுக்கும் வெல பேசுறீரா பாய்?" என்று கிண்டலடித்தவன் நான்தான். என் பெயர் தங்கமுத்து. ஆத்தூர் பக்கம் விவசாயம்.

அறுபத்தைந்து செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை. பாராசூட்டில் எதிரி இறங்குகிறான் என்று எவனோ சொன்னதில் ஊருக்கே பித்துப் பிடித்திருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில், ஒச்சப்பனின் கத்தரித் தோட்டத்தில் வானத்திலிருந்து விழுந்த இன்னொரு பெட்டியை, சிவப்புத் துணிக் குடையும் ஒயருமாகப் பிடித்தபடி நூர் பாய் நின்றார்.

"ஒயர்லெஸ்ஸுடா! பாகிஸ்தானுக்குப் பேசுறான்! விடாதீங்கடா!" என்று ஒச்சப்பன் கத்தினான். இருபது பேர் ஓடினோம்.

நூர் பாய் பெட்டியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த காகிதத்தை என்னிடம் காட்டினார். "தங்கமுத்து, இத வாசி அப்பு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அந்தக் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தமிழில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. 'ஆபத்தில்லாத வானிலைக் கருவி' என்ற முதல் வரியை மனசுக்குள் படித்தும்விட்டேன்.

"ஏன்டா, நீயும் கூட்டா?" என்றான் ஒச்சப்பன்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த மண்வெட்டியின் காம்பால் முதல் அடியை நான்தான் அடித்தேன். தூ, நானும் ஒரு மனுசன்!

அப்புறம் கல், கட்டை, செருப்பு. அவர் பெட்டியின் மேல் குப்புற விழுந்து அதை அணைத்துக்கொண்டார். அந்தக் காகிதம் கிழிந்தால் அவருக்கு வேறு சாட்சி கிடையாது. "குண்ட அமுக்குறான்டா!" என்று அலறி இன்னும் வெறியாக அடித்தோம். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கிழிந்த காதிலிருந்து ரத்தம் பாத்தியில் ஓடியது. இரண்டு பல் மண்ணில் கிடந்தன. அப்போதும் அவர் பெட்டியை விடவில்லை.

போலீஸ் வந்து அவரைப் புரட்டி எடுத்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தைச் சத்தமாக வாசித்தார். கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி ஜெய்தூன் பீவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். யார் அடித்தார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"அண்ணே, அந்தக் காயிதத்தப் படிக்கத் தெரிஞ்ச ஒரு மனுசன்கூடவா அங்க இல்ல?"

கட்டுப் போட்ட வாயை மெல்லத் திறந்து நூர் பாய்தான் பதில் சொன்னார்.

"வெளிச்சம் பத்தலடி. எழுத்துத் தெரியல."

நாங்கள் அடித்தது உச்சி வெயிலில்! என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மன்னித்துவிட்டார் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள நான் மடையன் இல்லை. எழுந்து நடந்தால் பிழைப்புக்கு அவர் எங்கள் ஊருக்குள்தான் வந்தாக வேண்டும். அவர் என்னைக் கண்டு பயந்தார்.