அக்காவைப் பார்க்கும் தீவு

நான் வேலை பார்க்கும் நண்டு கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருத்தி போனில் செய்தி சேனலை ஓடவிட்டுச் சுவரில் சாய்த்து வைப்பாள். தேர்தல் நெருங்கினால் போதும், அதில் கச்சத்தீவு வந்துவிடும். கோட்டுப் போட்ட நாலு பேர் நாலு கட்டங்களில் உட்கார்ந்திருப்பார்கள். தேசத்தின் பாதுகாப்பு என்று ஒருவர் கத்துவார், இறையாண்மை என்று இன்னொருவர் கத்துவார், நடுவில் இருப்பவர் யாரையும் பேசவிடாமல் தானே கத்துவார். எனக்குச் சோறு இறங்காது. அந்தத் தீவை எனக்குத் தெரியும். ஒரு கோயில், கொஞ்சம் முள்மரம், குடிக்கத் தண்ணீர் கிடையாது. அந்தோணியார் திருவிழாவுக்காக வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் இரண்டு அரசாங்கங்களும் எங்களை அங்கே போக விடும். அந்த இரண்டு நாளில்தான் நான் என் அக்காவைப் பார்ப்பேன்.

ஒரு தடவை சேனல்காரர்கள் ராமேஸ்வரத்துக்கே வந்து, படகுத்துறையில் நின்ற என்னிடம் மைக்கை நீட்டினார்கள். கச்சத்தீவை மீட்க வேண்டுமா, வேண்டாமா என்று கேள்வி.

"மீட்டுக்கங்க தம்பி, நல்லாருப்பீங்க. அப்படியே எங்க அக்காவையும் சேத்து மீட்டுக் குடுத்துருங்க" என்றேன். என்னோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அது டிவியில் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் மீட்டே ஆகவேண்டும் என்று கையை ஓங்கிச் சொன்னது வந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மண்டபம் முகாம் வாசலில் மீன் விற்கப் போனவள், இலங்கையிலிருந்து அகதியாக வந்து அந்த முகாமில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அய்யா கொஞ்ச காலம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே முகாமுக்குப் போய் மருமகனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். போர் முடிந்து சில வருஷம் கழித்து, தன் ஊரில் மனையும் கடலும் இருக்கிறது என்று அத்தான் கிளம்பினார். அக்காவும் பிள்ளைகளோடு போனாள். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு சின்னத் தீவு. எங்கள் கரையிலிருந்து படகை நேராக விட்டால் ஒரு பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அப்படிப் போவதற்குச் சட்டத்தில் வேறு பெயர்.

அவள் போன புதிதில் நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விமானம் ஏறிப் போய் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்து, அவள் சமையலைக் குறை சொல்லிவிட்டு வரவேண்டும் என்று ஆசை. விசாரிக்க ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். டீயைக் குடித்துக்கொண்டே, அக்கா புருஷன் முகாமில் இருந்தவர்தானே, போரில் எந்தப் பக்கம் இருந்தார், இப்போது உங்களோடு போனில் பேசுவாரா, பேசினால் என்ன பேசுவார் என்று கேட்டுக்கொண்டே போனார்.

"எறா என்ன வெல போகுதுன்னு கேப்பாரு சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த விண்ணப்பம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் கரையில் பீடி இலையிலிருந்து தங்கம் வரைக்கும் போக்குவரத்து உண்டு. கேள்வி கேட்கத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் கேட்டவர்கள் ஒரு முடிவும் சொல்ல வேண்டும் இல்லையா? முடியாது என்றாவது சொல்லித் தொலைக்கலாம். அதையும் சொல்லாமல் ஒரு மனுஷியை வருஷக்கணக்கில் சந்தேகத்திலேயே வைத்திருக்க முடிகிறதே, அந்த அதிகாரத்தை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு கட்டத்தில் இருக்கிற நாலு பேரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே திருவிழாதான் எங்களுக்கு. வெள்ளிக்கிழமை காலையில் பையைப் பிரித்துக் காட்டிவிட்டுப் படகில் ஏறி, மத்தியானத்துக்கு மேல் போய் இறங்குவோம். அக்கா முன்பே வந்து, சேலையைக் கட்டி நிழல் பண்ணி இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் சோப்பும் சுடிதார் துணியும் கொண்டுபோவேன். அவள் தேங்காயெண்ணெயும் பனங்கட்டியும் கொண்டுவருவாள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் படகில் ஏறச் சொல்லி விசில் ஊதிவிடுவார்கள். ஒரு முழு நாள்கூடத் தேறாது. அதற்குள் ஒரு வருஷத்தைப் பேசியாக வேண்டும். செத்தவர்கள், பிறந்தவர்கள், பிள்ளைகளின் படிப்பு, அவளுடைய மாமியாரின் வாய். சாமி கும்பிட நேரமே இருக்காது. அந்தோணியாருக்கு நம்மைத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார் என்பாள் அக்கா.

கடைசியாகப் பார்த்தபோது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் தம்பி இங்கே விசைப்படகு வைத்திருக்கிறான். அத்தானுக்கு அங்கே ஒரு சின்னப் படகும் வலையும்தான். அந்த வருஷம், எங்கள் கரையிலிருந்து எல்லை தாண்டிப் போன விசைப்படகுகள் இழுத்துக்கொண்டு போனதில் அத்தானின் வலை மொத்தமும் போய்விட்டது.

"இந்த மனுசன் சாப்பிடாமக் கிடக்கிறார். உங்கட ஆக்கள் ரோலரை விட்டு எல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போகினம். நேவி பிடிக்கிறது பிழையில்லை எண்டுதான் சொல்லுவன்" என்றாள். விசைப்படகை ரோலர் என்று சொல்லும் அளவுக்கு, இத்தனை வருஷத்தில் அவள் பேச்சு முழுக்க அந்தக் கரைப் பேச்சாகியிருந்தது.

"யாரச் சொல்ற தெரியுமா? ஓந் தம்பியச் சொல்ற. அவனுக்கு மட்டும் இங்கன கடல்ல மீன் கொட்டிக் கெடக்கா?"

"அவனைத்தான் சொல்லுறன். அங்கால நான் இருக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியாதோ?"

அவள் கேட்டது நியாயம் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. சிலுவைப்பாதைக்கு அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். காலையில் விசில் ஊதியபோது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிக்கொண்டோம். அதன் பிறகு போனில் பேசினாலும் சுருக்கமாகத்தான் பேசினோம். அடுத்த திருவிழாவில் நேரில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள்.

அடுத்த திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா மகள் கூப்பிட்டாள். "அம்மாக்கு ஏலாமக் கிடக்கு சித்தி. வயித்தில புற்று எண்டு சொல்லுறாங்கள். இனி மருந்து இல்லையாம். திருவிழாக்குக் கட்டாயம் வாங்கோ. உங்களைப் பாக்கோணும் எண்டு நிக்கிறா."

நான் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்து, போட்டோ ஒட்டி, போலீஸ் கையெழுத்து வாங்கி எல்லாம் தயாராக இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தம்பியின் படகை அந்தப் பக்கத்து நேவி பிடித்துக்கொண்டு போனது. தம்பி அன்றைக்கு அதில் போகவில்லை. போனவர்களை அங்கே சிறையில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தம்பியின் படகை ஓட்டுகிறவர். வேறு படகுகளும் பிடிபட்டிருந்தன. டிவியில் எல்லாரும் இதை வைத்துக் கத்தினார்களே தவிர, ஒருவரும் திரும்பி வரவில்லை.

மீன் ஏலம் போடுகிற கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பிடிபட்டவர்களை விடும்வரை கடலுக்குப் போவதில்லை, கச்சத்தீவுத் திருவிழாவுக்கும் ஒரு படகும் போகாது, அப்போதுதான் இரண்டு அரசாங்கமும் திரும்பிப் பார்க்கும் என்று பேச்சு ஓடியது. முன்னால் நின்று அதைப் பேசியவன் என் தம்பி. பெண்கள் பின்னால் நின்றோம். நான் முன்னால் போனேன்.

"தொழிலுக்குப் போக வேணாம், சரி. சாமி கும்பிடப் போறவங்கள மட்டும் ஏத்திக்கிட்டு ஒரு போட்டாவது போகட்டும்" என்றேன். "பெரியக்கா சாகக் கெடக்கா. ஒனக்குத் தெரியும்."

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு போட்டு போனாலும் போராட்டம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதிருவாங்க சின்னக்கா. எனக்கு மட்டும் அவளப் பாக்கணும்னு இல்லையா? உள்ள கெடக்கிறவங்களுக்கு நாந்தான் பதில் சொல்லணும்."

பக்கத்து வீட்டுக்காரி, சிறையில் இருப்பவரின் மனைவி, என் கையைப் பிடித்தாள். "போறதுன்னா போங்க மதினி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க வீட்டு ஆளு எப்ப வருவாருன்னு எனக்கே தெரியாது. அதுக்காக உங்கள நிப்பாட்டுவேனா?"

அவள் தடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். போங்க என்று சொன்னவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆண்கள் கையைத் தூக்கினார்கள், தம்பியும் தூக்கினான், முடிந்தது. பாஸ்போர்ட் தராதவர்களைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, இந்தத் தடவை திட்டுவதற்கு ஆளே இல்லை. அரசாங்கத்திடம் எங்கள் குரல் ஏற வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. விட்டுக்கொடுக்க எங்கள் கையில் திருவிழாதான் இருந்தது.

படகு வராது என்று அக்கா மகளுக்குச் சொன்னேன். அவளுக்கும் செய்தியில் தெரிந்திருந்தது. ஆனால் அக்கா நம்பவில்லையாம். "எங்கட ஊர் ஆக்களை எனக்குத் தெரியும். அந்தோணியாரை விட்டுட்டு இருக்க மாட்டினம். கடைசி நேரத்தில வந்திடுவினம்" என்றாளாம். அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றினார்கள். "வெளிக்கிட்டிட்டம் சித்தி" என்று ஒரு குரல் செய்தி வந்தது. அதற்கு மேல் அவர்கள் போன் எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் படகுத்துறையில்தான் இருந்தேன். காற்று நன்றாக இருந்தது, கடல் அமைதியாகக் கிடந்தது, எல்லாப் படகுகளும் கட்டியே கிடந்தன. நீச்சல் தெரிந்த என்னால், கடலிலேயே பிறந்து வளர்ந்த என்னால், அங்கே போக முடியவில்லை. தம்பி கொஞ்ச தூரத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

உயிர்த்த ஞாயிறான ஈஸ்டர் வருவதற்குள் அக்கா இறந்துவிட்டாள். அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் அவள் முகத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "நான் கை தூக்காம இருந்தாலும் முடிவு அதேதான் சின்னக்கா" என்றான். ஆமாம் என்றேன். அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன?

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் விடுதலையாகி, பாதி ஆளாக வந்து சேர்ந்தார். நாங்கள் திருவிழாவுக்குப் போகாததால் விட்டார்களா, எப்படியும் விட்டிருப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவி அன்றைக்குச் சமைத்த குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன், என்னை நினைத்து அழுதேன்.

அடுத்த வருஷம் படகுகள் போயின. தம்பி வரவில்லை. நான் அக்கா பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு போனேன். தீவில் இறங்கி, அந்தப் பக்கத்து ஆட்கள் இருக்கிற இடமெல்லாம் தேடினேன். என் வயதுடைய ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் அவட தங்கச்சியோ? முகம் அப்பிடியே இருக்கு" என்றாள். அக்காவின் ஊர்க்காரி. போன வருஷம் அக்காவோடு ஒரே படகில் வந்தவள். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கோயில் பக்கம் போக மாட்டேன் என்று அக்கா கரையிலேயே நாற்காலியைப் போடச் சொன்னாளாம். தூரத்தில் படகு தெரிந்தால், தன் ஊர்ப் படகா என்று கேட்பாளாம். காலைப் பூசை முடிந்து எல்லாரும் ஏறிய பிறகும், இன்னும் கொஞ்சம் பாப்பம் என்றாளாம். அங்கே காவலுக்கு நின்ற சிங்களப் பையன் ஒருவன் அவளுக்காகக் கடைசிப் படகைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தானாம்.

"பிள்ளைகள் வரலையா?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பாத்தம். இனி அங்க ஆரைப் பாக்கப் போறது எண்டு சொல்லிப்போட்டார் தகப்பன்."

கொண்டுபோன துணியை அவளிடம் கொடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ, கொண்டுபோய்க் குடுத்தா தகப்பனும் பிள்ளையளும் கோவிப்பினம் என்று அவள் வாங்கவில்லை. அந்த வருஷம்தான் நான் முழுப் பூசையையும் பார்த்தேன். வேறு வேலை இல்லை.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் வழக்கமான சோதனை. பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு இளவயது அதிகாரி.

"அங்கன சொந்தக்காரங்க யாரையும் பாத்தீங்களாம்மா?"

எல்லா வருஷமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்குப் பிறகு, எல்லா வருஷமும் நான் இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். அக்கா தடவிவிட்ட எண்ணெய் தலையில் இருக்கும்போதே, கண்ணைச் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

"இல்ல சார், யாரையும் பாக்கல" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, என் பையை மறுபடியும் பிரிக்கச் சொன்னார்.